எட்டு ஆடுகளில் பதினொன்று செத்த கதை

எனக்கு வாய் அதிகம். இது நானாகச் சொல்லிக்கொள்வதல்ல, அரசாங்கக் கோப்பிலேயே இருக்கிறது. "மேற்படி பெண் வாய்க்கு வந்தபடி பேசக்கூடியவர்" என்று ஒரு மனுவில் எழுதி, அதன் மேல் வட்டமாக முத்திரையும் குத்தி வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் அதை என் காதுபடப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கு அந்த மனுவை எழுதியவளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் காலையில் பட்டிப் படலைத் திறக்கிறேன்.

மேச்சேரிக்கு மேற்கே எங்கள் காடு. மானாவாரி நிலத்தை இந்தப் பக்கம் காடு என்றுதான் சொல்லுவோம். மழை பெய்தால் சோளமும் கொள்ளும் விளையும், பெய்யாவிட்டால் கருவேல முள் விளையும். வீட்டுக்காரர் ரிக் வண்டி ஓட்டுகிறார். போர்க்கிணறு போட வடக்கே போனால் ஊர் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். ஆகவே இங்கே இருப்பது நானும் என் ஆடுகளும்தான். எங்கள் ஊர்ச் செம்மறிக்கு மயிர் அடர்ந்து வளராது. வெளிர்பழுப்பு மேனி, வெயிலில் நின்றால் மினுமினுக்கும். கல்யாணமான புதிதில் அப்பா ஓட்டிவிட்ட நாலு பெட்டைகளிலிருந்து பெருக்கியது என் பட்டி. அதிலே ஒரு குட்டியைக்கூட யாரும் எனக்கு வாங்கித் தந்ததில்லை. வீட்டுக்காரர் உட்பட.

ஆடு வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பட்டியில் எத்தனை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டோம். எண்ணிச் சொன்னால் பட்டி கரைந்துவிடும், கண்பட்டுப்போகும். யாராவது கேட்டால், "ஏதோ நாலு உருப்படி கெடக்குதுங்க" என்று இழுத்துவிடுவோம். கால்நடைக் கணக்கெடுக்க ஒரு தம்பி நோட்டோடு வந்து, நாலு என்றால் எழுத முடியாது, சரியாகச் சொல்லுங்கள் என்று நின்றபோது நான் பெரிய மனது பண்ணி எட்டு என்றேன். எட்டு எழுதிக்கொண்டு போனார். அப்போது பட்டியில் இருந்ததெல்லாம் சேர்த்து இருபதைத் தாண்டும்.

ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டுமே! தடுப்பூசி முகாமுக்கு எட்டே எட்டை ஓட்டிக்கொண்டு போவேன். மற்றதை இன்னொரு நாள் பக்கத்து ஊர் முகாமுக்கு ஓட்டிப்போய் என் அம்மா பேரில் ஊசி போடுவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட காலம் அது.

எங்கள் காட்டுக்கு வடக்கே ஒரு அக்காவின் காடு. வீட்டுக்காரர் வழியில் பங்காளி வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. மகள் ஒருத்தி, அவளையும் குமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. தனியாளாகக் கடலை போட்டு, ஒரு செவலைப் பசுவை வைத்துக்கொண்டு கெட்டியாக நிற்கிறவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் நெருப்பு வாங்கிப் பழகினவர்கள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், என் ஆடுகள் வேலியில் பொத்தல் கண்டு அவள் கடலைக்காட்டில் புகுந்துவிட்டன என்று சண்டை வந்தது. புகுந்தது உண்மை. ஆனால் அவள் ஊர் கூட்டிக் கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் ஆட்டுக் குளம்பு ஒண்ணு உங்க காட்டுல பட்டிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும்" என்று மாரியம்மன் கோயில் வாசலிலேயே கத்திவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் வாய் நின்றுவிட்டதா? அவள் பசுவைப் பார்த்துப் பேசுவாள். எனக்குக் கேட்கிற மாதிரி. "ஏ செவலை, சில பேருக்கு அடுத்தவன் காடுன்னா அப்பன் ஊட்டுச் சொத்து" என்பாள். நான் என் கிடாயைப் பார்த்து, "சில பேருக்கு வேலியப் பாக்கறதே பொழப்பு" என்பேன். பசுவும் கிடாயும் எங்களால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதோடு, பொழுது சாயும்போது நான் ஆடுகளை ஓட்டிவரும் நேரம் பார்த்து வேலியோரம் வந்து நிற்பாள். உதடு அசையும். எண்ணுகிறாள்! பட்டியைச் சுற்றி மிளகாய் சுற்றிப் போட்டே ஒரு வருஷ மிளகாய் தீர்ந்தது.

அது ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். மேற்கே கருத்துக்கொண்டு காற்று கிளம்பியது. ஆடுகளை மடக்கித் திருப்புவதற்குள் மழை பிடித்துவிட்டது. செம்மறிக்கு மழை வந்தால் ஒரே புத்திதான், ஒன்றன் வயிற்றடியில் ஒன்று தலையை விட்டுக்கொண்டு மரத்தடியில் ஒண்டிக்கொள்ளும். பாதி, வரப்பு மேட்டு வேப்பமரத்தடியில் ஒண்டிவிட்டன. பாதியை நான் அடித்து விரட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தேன். நூறு அடி வந்திருக்கமாட்டேன். கண் வெளுத்துப்போனது. சத்தம் பிறகுதான் வந்தது. திரும்பிப் பார்த்தால் மரம் நடுவில் பிளந்து புகைகிறது. அதன் அடியில் பதினொரு உருப்படி, நின்ற வாக்கிலேயே சாய்ந்து கிடந்தன. சினை ஆடுகள் ஆறு அதிலே.

நான் கத்தினேனா, ஓடினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. மழை விட்டதும் அக்கம்பக்கத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். செத்த ஆட்டைப் பொழுதுக்குள் குழியில் இறக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு மூடிவிடுவதுதான் எங்கள் முறை. குழி வெட்ட ஆரம்பித்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏ செவலை, குழியில போட்டு மூடிப்போட்டா கவுருமெண்டு காசு எப்படி வரும்? டாக்டரு வந்து பாக்கோணும்னு அந்தப் புள்ளைக்குச் சொல்றதுக்கு ஒரு நாதியில்லையா?"

எனக்கு அப்போது நல்லது கெட்டது தெரியவில்லை. வேலியோரம் போய் நின்று, பேச்சு நின்ற மூன்று வருஷத்தில் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கத்தினேன். "நீ எண்ணிப் பாத்த கண்ணுதாண்டி என் பட்டிய எரிச்சுப்போட்டுது! நீ நல்லா இருப்பியா?" என்றேன். வயதில் மூத்தவளை 'டி' போட்டு அதுவரை பேசியதில்லை. அவள் பசுவிடம்கூடப் பதில் சொல்லவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் குழி வெட்டியவர்கள் அவள் சொன்னதைக் கேட்டு மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு யாரோ போன் போட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து மணிக்கெல்லாம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சேலத்தில் சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருக்கிறார். சரிகை போட்ட பட்டுச்சேலை, கழுத்தில் சின்னதாகச் சிலுவை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பதினொரு ஆட்டையும் ஒன்றொன்றாகப் புரட்டிப் பார்த்து, அறுத்துப் பார்த்து, இடி தாக்கித்தான் செத்தது என்று எழுதினார். போகும்போது என் தோளைத் தொட்டு, "சினையாடு இத்தனை போச்சேம்மா" என்றார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அந்தச் சேலை பாழாய்ப்போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அவரோ அதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

புதன்கிழமை மனுவோடு கிராம அலுவலகம் போனேன். வி.ஏ.ஓ. நல்ல மனிதர்தான், எதையும் விரலால் தடவித் தடவிப் படிக்கிறவர். டாக்டரம்மாவின் சான்றைப் படித்தார். பிறகு கணக்கெடுப்பு ஏட்டைப் புரட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு ஆட்டுல பதினொண்ணு எப்படிம்மா செத்துச்சு?"

எனக்கு வாய் அடைத்துப்போனது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"அது வந்துங்க... எட்டுன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க."

"சரி, இப்ப பட்டியில எத்தனை நிக்குது?"

"பதினஞ்சுங்க."

"பாத்தீங்களா? உங்க எட்டும் உசுரோட நிக்குது, அதுக்கு மேலயும் நிக்குது. செத்தது அடுத்தவங்க ஆடுன்னு ஆகுது. வாரத்துக்கு மேய்க்கறீங்களா?"

வாரத்துக்கு மேய்ப்பது என்றால் அடுத்தவர் ஆட்டை மேய்த்துவிட்டுக் குட்டியில் பங்கு வாங்குவது. நிறைய பேர் செய்வார்கள். அப்படியிருந்தால் ஆட்டுச் சொந்தக்காரர்தான் நிவாரணம் கேட்க முடியும். இல்லவே இல்லை, எல்லாம் என் ஆடு என்று சத்தியம் பண்ணினேன். சத்தியத்தை ஏட்டில் ஏற்ற முடியாதே என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஒலிபெருக்கியில் அவர் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அவங்க ஆடுன்னுதான் நானும் நம்புறேன் சார். ஆனா என் தடுப்பூசி ஏட்டுலயும் எட்டுதான் இருக்கு." வேறு ஏதாவது ஆதாரம், எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமை வரை மனுவை நிறுத்தி வைக்கிறேன் என்று வி.ஏ.ஓ. சொன்னார். அவர் பேரில் தப்பே கிடையாது. ஆனால் எனக்குத்தான் வாய் இருக்கிறதே! "உங்க நிவாரணத்த நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆயிரம் மைல் தள்ளித் தூசிக்குள் நிற்கிற மனுஷனுக்கு என்ன தோன்றுமோ அதைச் சொன்னார். "மிச்சத்தையும் சந்தையில ஓட்டிப்போடு. பட்டி போதும். மில்லு வண்டி நம்ம முக்குலதான வந்து நிக்குது, ஏறிப் போ. மாசமானா சம்பளம்." தினம் காலையில் நூல் மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் எங்கள் முக்கில் ஹாரன் அடிக்கும். இதுவரை அந்த ஹாரனைக் கேட்டுத்தான் நான் படலைத் திறப்பேன். இனி அதே ஹாரனுக்கு ஓடிப்போய் ஏற வேண்டும். மில் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. என் ஊரில் பாதிப் பெண்கள் அதில்தான் பிழைக்கிறார்கள். ஆனால் பஞ்சுத் தூசி எனக்கு ஆகாது, ஒருத்தர் மணியடித்து நான் எழுந்து நிற்பதும் ஆகாது. பட்டி போனால் நான் யார்? இதையெல்லாம் வேலி தாண்டிக் கேட்கும்படி போனில் தொண்டை கிழியக் கத்தினேன். எட்டு என்று சொன்ன கதை, ஆதாரம் கேட்ட கதை, எல்லாம் சேர்த்து. கடைசியில், "சரி, திங்கக்கெழமை ஏறிப் போறேன், போதுமா?" என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வேலிப் பொத்தல் பக்கம் வடக்குக்காட்டு அக்கா நின்றாள். வெளுத்த சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கையில் மஞ்சள் பை. பசுவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ செவலை, கிராமாபீசு பதினோரு மணிக்கு மேல பூட்டிருவாங்களாமா. அந்தப் புள்ளய வண்டிய எடுக்கச் சொல்லு."

கண்ணு வைத்தாய் என்று நான் கத்தினதற்குப் பிறகும் வந்து நிற்கிறாள். வண்டியை எடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பள்ளம் வந்தபோது என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் மஞ்சள் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூன்று வருஷமும் வருஷத்துக்கு ஒன்றாக என்மேல் அவள் கொடுத்த புகார் மனுக்களின் நகல்கள். எல்லாவற்றிலும் இதே அலுவலக முத்திரை, தேதி. வி.ஏ.ஓ. பீரோவைத் திறந்து, தனக்கு முன்பிருந்தவர் கட்டி வைத்துவிட்டுப் போன மூல மனுக்களை எடுத்து ஒத்துப் பார்த்தார். பிறகு இரண்டு மாதத்துக்கு முன்னால் கொடுத்த கடைசி மனுவைச் சத்தமாகப் படித்தார்.

"மேற்படி பெண் தனக்குச் சொந்தமான பெட்டை ஆடு பதினாறு, கிடாய் இரண்டு, குட்டி எட்டு, ஆக இருபத்தாறு உருப்படிகளை எனது கடலைக்காட்டில் விட்டு மேய்த்து... இதில் ஒரு பெட்டைக்கு இடது காது கிழிந்திருக்கும். ஒரு கிடாய்க்குக் கொம்பு ஒடிந்திருக்கும்... கேட்டால் மேற்படி பெண் வாய்க்கு வந்தபடி பேசக்கூடியவர்..."

காது கிழிந்த பெட்டை மரத்தடியில் செத்துப்போனது. டாக்டரம்மாவின் சான்றிலும் அது இருந்தது. ஒடிந்த கொம்புக் கிடாய் பட்டியில் நின்றது. இத்தனை வருஷத்தில் என் ஆடுகளைப் பற்றி நான்கூட இவ்வளவு அழகாக எழுதி வைத்ததில்லை. வி.ஏ.ஓ. விரலால் கூட்டிப் பார்த்தார். பதினொன்றும் பதினைந்தும் இருபத்தாறு.

"கணக்கு ஒத்துப்போகுது. ஆனா ஒண்ணு. இந்தப் புகாரை விசாரிச்சப்ப, என் ஆடு அந்தக் காட்டுலயே கால் வெக்கலைன்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. இப்ப என்ன சொல்றீங்க? மேஞ்சுதா, மேயலையா?"

தலையாரி இருந்தார், வரி கட்ட வந்த நாலு பேர் இருந்தார்கள். கோயில் வாசலில் நான் நாக்கு அழுகட்டும் என்று கத்தியதைக் கேட்ட ஊர்க்காரர்கள்தான். அக்கா என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேயவில்லை என்றால் என் மானம் நிற்கும், பட்டி போகும்.

"மேஞ்சுதுங்க," என்றேன். "இருபத்தாறும் மேஞ்சுதுங்க. மூணு வருசமும் மேஞ்சுதுங்க. அந்தக்கா சொன்னது அத்தனையும் நெசம். நாந்தான் பொய் சொன்னவ."

யாரும் சிரிக்கவில்லை. வி.ஏ.ஓ. எழுதினார். இந்தப் பெண்ணின் ஆடுகள் இவள் சொந்த ஆடுகளே, நான் தினமும் கண்ணால் பார்த்தவள் என்று சாட்சிக் கையெழுத்தைக் கோணல்மாணலாகப் போட்டாள் அக்கா. போட்டுவிட்டு, "கடலைக்கு இன்னும் பைசல் ஆகலைங்க, அதையும் ஒரு பக்கமா எழுதி வெச்சுக்குங்க" என்றாள். அவளா விடுகிறவள்!

திங்கட்கிழமை மில்லு வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் படலைத் திறந்தேன்.

மூன்று மாதத்தில் பணம் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. போன ஆட்டுக்கு ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனால் நின்றுபோன வண்டிக்கு ஒரு தள்ளு கொடுத்தால் போதுமே, பிறகு அதுவே ஓடும். சந்தையில் ஏழு பெட்டை வாங்கினேன். அரசாங்கத்தைத் திட்டுவதற்கு எனக்கும் ஆயிரம் காரணம் இருக்கிறது, திட்டவும் செய்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலையில் வந்து என் ஆட்டைப் புரட்டிய கையும், என் வாய்க்கொழுப்பைப் பொறுத்து வெள்ளிக்கிழமை வரை மனுவைப் பத்திரமாக வைத்திருந்த கையும் அந்த அரசாங்கத்தின் கைகள்தான். அதை மறந்தால் சோறு செரிக்காது.

சந்தையிலிருந்து திரும்பியதும் இரண்டு மூட்டைக் கடலையை வாங்கிக்கொண்டு வடக்குக்காட்டுக்குப் போனேன். "அக்கா, அன்னைக்குக் கண்ணு வெச்சீங்கன்னு சொன்னது... என்னை மன்னிச்சுருங்க" என்றேன். அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். செவலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "ஏ செவலை, கடலை பரவாயில்ல, பொக்கு இல்லாம இருக்குது" என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து பொழுதோடு அவள் வேலியோரம் நின்று உதடு அசைத்தால் நான் மெதுவாக ஓட்டிப்போவேன். எண்ணி முடிக்கட்டும் என்று.

போன மாதம் தடுப்பூசி முகாமுக்கு முன்னால் கணக்கு எழுத டாக்டரம்மாவே வந்தார். நோட்டைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, எட்டா?"

கணக்கு எழுத வந்தவர்களிடம் இதுவரை சொல்லாத வார்த்தையல்லவா! கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "முப்பத்தொண்ணுங்க."

"முப்பத்திரண்டு!"

வேலிப் பொத்தல் வழியாக அக்கா வந்துகொண்டிருந்தாள். கையில் சேலைத் தலைப்பில் சுற்றிய ஈரக் குட்டி ஒன்று. பின்னாலேயே என் பெட்டை ஒன்று கத்திக்கொண்டு வந்தது. செவலை அங்கே தூரத்தில் கட்டுத்தறியில் நின்றது. அக்கா நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"காலையில ஏங் கடலைக்காட்டுல பூந்து அங்கயே குட்டி போட்டுருக்குது. ஏம் புள்ள, பட்டிக்காரி நீ, ஆடு ஒண்ணு கொறையறதுகூடத் தெரியாமயா நிப்பே? இந்தா, புடி."